சுவர்ப்பல்லி

முதலில் நானும்தான் சிரித்தேன். இதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. கல்லூரி இடைவேளை நேரம், கடைப்பலகைக்கு முன்னால் நாலைந்து பிள்ளைகள் நின்றிருந்தார்கள். ஒரு பையனின் போனுக்குப் புது டிஸ்பிளே மாட்டி, பசை காய்ந்ததும் கிளிப்பைக் கழற்றி அவனிடம் நீட்டினேன். "நாலு மூலையிலயும் டச் எடுக்குதான்னு பாரு. ஏதாவது திறந்து மேலயும் கீழயும் தள்ளு" என்றேன். அவன் வகுப்புக் குழுவைத் திறந்தான். ஒரு ஸ்டிக்கர் குதித்து வந்தது. ஒரு பெண்ணின் முகம், கண்ணிலிருந்து குழாயைத் திறந்துவிட்ட மாதிரி நீல நீலமாகக் கண்ணீர், கோணிக்கொண்டு மூடி மூடித் திறக்கும் வாய். "ஐயையோ, யாருடா இது, தண்ணி லாரி மாதிரி?" என்று கேட்டுச் சிரித்தேன். அவனும் சிரித்தான். இரண்டு வினாடி இருக்கும். பிறகுதான் அந்தக் காதிலிருந்த தோட்டைப் பார்த்தேன். மூன்று கல் வைத்த தோடு. நடுக்கல் மட்டும் வேறு நிறம். விழுந்துபோன கல்லுக்குப் பதிலாக, இதே மேசையில், இதே இடுக்கியால் நான் ஒட்டிக் கொடுத்த கல் அது.

பையன் போய்விட்டான். அவன் மேல் தப்பில்லை, அவள் என் மகள் என்று அந்தக் கல்லூரியில் பாதிப் பேருக்குத் தெரியாது. நான் பதினான்கு வருடமாகக் கல்லூரிக்கு எதிர்ச்சாரியில் போன் பழுது பார்க்கிறேன். எனக்குப் பெயர் உண்டு, யாரும் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் நான் டிஸ்பிளே அக்கா. என் கடையில் ஒரு சட்டம் இருக்கிறது. பாஸ்வேர்டை நான் கேட்கமாட்டேன், அவர்களே போட வேண்டும், போடும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். டெஸ்ட் செய்வதும் அவர்கள் முன்னால்தான். ஊர் போன் முழுக்க என் கையில் வந்து போகிறது, இதற்கு முன் ஒருவருடைய படத்தையும் நான் திறந்து பார்த்ததில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்கூட, "அக்கா கையில போனைக் கொடுத்தா லாக்கர்ல வெச்ச மாதிரி" என்று சொல்வார். அந்தச் சட்டத்தை நானே உடைத்தேன். எப்படி என்று சொல்கிறேன்.

அன்று மாலை மகள் வீட்டுக்கு வந்ததும் நேராகப் படுக்கையறைக்குப் போனாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் இருக்கிறது, அதில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாள் கல்லூரிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. ஆய்வகப் படிப்பு, இரண்டாம் வருடம். ரத்தம் எடுக்கிற கை அவளுக்கு அவ்வளவு பதம், என் கையிலேயே இரண்டு முறை குத்திப் பழகியிருக்கிறாள், எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. அந்தக் கைதான் ஒரு கிண்ணம் சாப்பாட்டை அரைமணி நேரம் பிசைந்துகொண்டிருந்தது. நடந்தது இவ்வளவுதான். அன்று காலை துறை விழாவில் வரவேற்புரை சொல்ல மேடை ஏறினாள். மூன்றாவது வரியில் மறந்துவிட்டது. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு அழுதுவிட்டாள். பதினொரு வினாடி. உலகத்தில் யாரும் அழாததையா அழுதுவிட்டாள்? ஆனால் 'கடைசி பெஞ்ச்' என்று அவர்கள் கல்லூரிக்கென்றே இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பதினொரு வினாடியை வெட்டி, ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்து, அன்றைக்கே ஏற்றிவிட்டார்கள். மூன்றாவது நாளுக்குள் கல்லூரியின் தலைக்கணக்கைவிட அதைப் பார்த்தவர்களின் கணக்கு நாலு மடங்கு இருந்தது. எவன் எவனோ, எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு, என் பிள்ளை மூக்கை உறிஞ்சுவதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறான்.

அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். எது நின்றாலும் பதறாத மனிதர். "விடு, நாலு நாள்ல வேற எதையாவது பிடிச்சுக்குவானுங்க, இதை மறந்துடுவானுங்க" என்றார். நான் பாத்திரத்தை வைத்த சத்தத்தில் அடுத்த வார்த்தையை விழுங்கிவிட்டார். நாலு நாள் என்றால் என்ன கணக்கு? அறைக்குள் இருப்பவளுக்கு ஒரு நாள் என்பது எவ்வளவு நீளம் என்று இவர் எந்த லிஃப்டில் ஏறிப் போய்ப் பார்த்தார்? ஆனாலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அறைக் கதவுக்கு வெளியே சப்பணமிட்டு உட்கார்ந்து, ஷூ லேஸைக் கட்டுகிற சாக்கில் கால்மணி நேரம் பேசிவிட்டுப் போவார். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றது, உள்ளே மாட்டியவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரே லிஃப்ட் கதை. உள்ளேயிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வந்தால் அன்றைக்கு முழுக்க அவருக்கு அது போதும்.

எனக்குப் போதவில்லை. ஒன்பதாம் நாள் துறைத்தலைவி அறைக்குப் போய் உட்கார்ந்தேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "அது காலேஜ் பேஜ் இல்லம்மா. வெளியில யாரோ நடத்தறது. நாங்க என்ன பண்ண முடியும்? நீங்க முதல்ல பொண்ணு கையில போனைக் கொடுக்காதீங்க."

"மேடம், அட்டெண்டன்ஸ் போடறதே போன்ல. பாடம் அனுப்பறது போன்ல. பரீட்சை தேதி சொல்றது போன்ல. எந்த போனைக் கொடுக்காம இருக்கச் சொல்றீங்க?"

"கவுன்சிலர் இருக்காங்க. வியாழக்கிழமை ரெண்டு டு மூணு."

"என் பொண்ணு வியாழக்கிழமை ரெண்டு டு மூணு மட்டும் அழலையே!"

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். செய்முறைத் தேர்வு அடுத்த வியாழன் விட்டு அதற்கடுத்த வியாழக்கிழமை. ஏற்கெனவே வருகை குறைவு. அன்றைக்கும் வரவில்லையென்றால் ஒரு வருடம் போய்விடும். அதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் கொஞ்சம் தாழ்ந்தது, நல்ல கை அவளுக்கு என்றும் சொன்னார். நான் நன்றி சொல்லவில்லை. வெளியே வந்தால் நடையில் ஒரு பெரிய சுவரொட்டி ஒட்டியிருந்தது, 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று. அதன் கீழே ஒரு பெண் மூக்கை உறிஞ்சுவது போலச் செய்துகாட்ட, இன்னும் மூன்று பேர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிடம் என் கையில் போன் கண்ணாடியைச் சூடாக்கிப் பிரிக்கிற ஹீட் கன் இல்லாதது அவர்களுடைய நல்ல காலம்.

அதன் பிறகு நானே அந்தப் பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். சொந்த போனில், சொந்தக் கண்ணால், வேலைக்கு நடுவே. கருத்துகள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. பெரும்பாலும் சிரிப்புப் பொம்மை, அசட்டு அரட்டை. நாலு பேர் பரிதாபப்பட்டிருந்தார்கள், அவர்களையும் கிண்டல் செய்திருந்தார்கள். ஆனால் ஒரு கணக்கு மட்டும் வேறு மாதிரி இருந்தது. படம் இல்லை. பெயர் சுவர்ப்பல்லி. மற்றவர்கள் போகிற போக்கில் கல்லெறிந்தார்கள் என்றால் இது உட்கார்ந்து குறி பார்த்து எறிந்தது. 'அழும்போது இடது மூக்கு மட்டும் விடைக்கும் பாருங்க' என்று எழுதியிருந்தது. திரும்பப் பார்த்தேன், விடைக்கத்தான் செய்தது, பெற்ற எனக்கே அதுவரை தெரியாது. 'ஒன்பது வயசு வரைக்கும் விரல் சப்பின கேஸ் இது' என்று இன்னொன்று. 'கண்ணாடி முன்னாடி நாலு நாள் ஒத்திகை பார்த்தும் இந்த லட்சணம்' என்று இன்னொன்று. பிறகு இது: 'அம்மா கடையில ஊரான் போனைத் துடைக்கிறா, பொண்ணு மேடையில மூக்கைத் துடைக்கிறா.' அதற்குக் கீழே அறுநூறு பேர் லைக் போட்டிருந்தார்கள்.

மூக்குக்கு மேலே கோபம் வருகிற ஆள்தான் நான், ஆனால் இது வேறு, இது உள்ளுக்குள்ளேயே அடுப்பு மூட்டிய மாதிரி. விரல் சப்பியது யாருக்குத் தெரியும்? எனக்கு, அவள் அப்பாவுக்கு. நாலு நாள் ஒத்திகை யாருக்குத் தெரியும்? எங்கள் இருவருக்கும், பிறகு ஒட்டடைக்குச்சிக்கு. ஒட்டடைக்குச்சி என்பது என் மகளின் சிநேகிதி. முதல் வருடம் முதல் நாளிலிருந்து ஒட்டிக்கொண்டவள், ஆள் உயரமும் ஒல்லியும் பார்த்து என் மகள் வைத்த பெயர், அவளே அந்தப் பெயரில்தான் கதவைத் தட்டுவாள், "ஆண்ட்டி, ஒட்டடைக்குச்சி வந்திருக்கேன்" என்று. அந்த நாலு நாளும் கட்டிலில் உட்கார்ந்து, கையில் தாளை வைத்துக்கொண்டு, "இங்க மூச்சு விடு, இங்க சிரி" என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தான், விரல் சப்பிய கதையும் அங்கேதான் பேச்சில் வந்திருக்கும். ஆகக்கூடி மூன்று பேர். நான் இல்லை, அவர் இல்லை. நான் கணக்கை முடித்துவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் திங்கட்கிழமை, தேர்வுக்கு இன்னும் மூன்றே நாள். காலை ஒன்பது மணிக்கு ஒட்டடைக்குச்சி கடைக்கு வந்தாள். போன் கீழே விழுந்து டிஸ்பிளே சிலந்திவலை மாதிரி நொறுங்கியிருந்தது. "ஆண்ட்டி, மத்தியானம் வந்து வாங்கிக்கறேன். அவ எப்படி இருக்கா? நான் வீட்டுக்கு வரட்டுமா? ரெண்டு தடவை வந்தேன், கதவையே திறக்கல" என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, பார்க்கலாம் என்றேன். அவள் ஒரு துண்டுச் சீட்டில் பாஸ்வேர்டை எழுதி, போனோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்தாள். "உங்ககிட்ட என்ன ஆண்ட்டி ரகசியம்" என்று சொல்லிவிட்டு மணி அடிக்கிறதென்று ஓடினாள். பதினான்கு வருடத்தில் யாரும் என் மேசையில் பாஸ்வேர்டை எழுதி வைத்ததில்லை.

சூடு காட்டி, பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் செருகி, உடைந்த கண்ணாடியைத் தூக்கினேன். புதுசை மாட்டினேன். எரிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டிய ஆள் நான், சீட்டைப் பிரித்தேன். கை நடுங்கவில்லை என்பதுதான் எனக்கு இப்போதும் அசிங்கமாக இருக்கிறது. சுவர்ப்பல்லியைத் தேடினேன், அந்தக் கணக்கு அதில் இல்லை. வேறு எங்காவது வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு அவளுடைய அரட்டைகளைத் திறந்தேன். என் மகளுக்கு அவள் அனுப்பிய செய்திகள் வரிசையாக நின்றன. 'சாப்டியா.' 'நோட்ஸ் அனுப்பறேன்.' 'நான் கீழதான் நிக்கறேன், ஜன்னல்கிட்ட வா.' பத்தொன்பது நாளும் தினம் ஒன்று, எதற்கும் பதில் இல்லை. நான் அதையெல்லாம் பார்த்தேன், பார்த்துக்கொண்டே தள்ளிவிட்டேன், ஏனென்றால் நான் தேடியது அது இல்லை. வகுப்புக் குழுவுக்குப் போனேன். அங்கே கிடைத்துவிட்டது. முதல் நாள் மாலை, யாரோ ஏதோ கேட்டதற்கு, ஒட்டடைக்குச்சி அந்த ஸ்டிக்கரை அனுப்பியிருந்தாள். நீலக் கண்ணீர், கோணல் வாய், நான் ஒட்டிய கல்.

மத்தியானம் அவள் வந்தபோது கடை முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். "இது என்னடி?"

அவள் முகம் வெளுத்துப்போனது. "ஆண்ட்டி... ஒரே ஒரு தடவை..."

"ஒரு தடவையா? நீதானடி அந்தப் பல்லி? என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, என் வீட்டுக் கட்டில்ல உக்காந்துட்டு, என் பொண்ணு விரல் சப்பினதை ஊருக்குச் சொல்றியா? நல்லா இருப்பியாடி நீ?"

"பல்லி நான் இல்ல ஆண்ட்டி. சத்தியமா இல்ல. அன்னிக்கு எல்லாரும் அனுப்பினாங்க. நான் மட்டும் சும்மா இருந்தா, இவ அவ ஃபிரெண்டுதானேன்னு அடுத்து என்னைப் பிடிப்பாங்க. பயந்துட்டேன். அனுப்பினதும் அழிக்கப் பார்த்தேன், அதுக்குள்ள எல்லாரும் பார்த்துட்டாங்க."

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வாய்க்கு வந்தபடி பேசினேன். அவளுடைய உயரத்தைச் சொன்னேன், ஒல்லியைச் சொன்னேன், அவளை வளர்த்த விதத்தைச் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். ஒரு கட்டத்தில் கடைப்பலகையை நான் ஓங்கித் தட்ட, திருகாணி டப்பா கவிழ்ந்து அத்தனையும் தெருவில் சிதறியது. அந்தப் பெண் அழுதுகொண்டே குனிந்து அதைப் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்காதே, போ என்று கத்தினேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே மூன்று போன்கள் உயர்ந்திருந்தன. அதில் ஒன்றுக்குப் போன வாரம்தான் நான் கேமரா கண்ணாடி மாற்றிக் கொடுத்தேன். படம் சுத்தமாக வந்திருக்கும்.

அரைமணி நேரத்தில் ஏறிவிட்டது. 'மகள் அழுதாள், அம்மா அலறினாள். குடும்பக் கச்சேரி.' நான் பலகையைத் தட்டும் இடத்தில் தாளம் சேர்த்திருந்தார்கள். திருகாணி சிதறுவதை மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை, வாய் கோணியிருந்தது, இடது மூக்கு விடைத்திருந்தது. அட, அது என்னிடமிருந்து போனதா என்று தோன்றியது. கருத்துகள் கொட்டின. கீழே இழுத்துவிடும் ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து கூடிக்கொண்டே இருந்தது, நானும் இழுத்துக்கொண்டே இருந்தேன். நிறுத்த முடியவில்லை. பசை தடவிய ஒரு போன் கிளிப் போடாமல் காய்ந்துகொண்டிருந்தது, அதுகூட எனக்கு உறைக்கவில்லை. என்னைப் பற்றி அடுத்தவன் என்ன எழுதியிருக்கிறான் என்று தெரிந்தே ஆகவேண்டும் போல ஓர் அரிப்பு. என் மகள் பத்தொன்பது நாள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது.

அப்போது சுவர்ப்பல்லி வந்தது. வா, நீ ஒருத்திதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டு படித்தேன். இப்படி இருந்தது: 'எங்கம்மாவ எதுவும் சொல்லாதீங்க. அந்த வீடியோவ எடுங்கடா ப்ளீஸ். என்னப் பத்தி என்ன வேணா போட்டுக்கோங்க.'

எனக்குப் புரியவில்லை. இந்தப் பல்லியின் அம்மா யார், இங்கே எதற்கு வந்தாள் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு கிண்டல் என்று நினைத்தேன், என் மகள் மாதிரி நடித்துக்காட்டுகிறது என்று. மறுபடி இழுத்துவிட்டேன், அது அழிந்துபோயிருந்தது. ஆனால் அதற்குள் ஒருவன் அதைப் படம்பிடித்துப் போட்டுவிட்டான். 'டேய், பல்லி அவளேதான்டா! அக்கவுண்ட் மாத்த மறந்துட்டா!' அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் மழை மாதிரி விழுந்தன.

போனில் இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற மறந்துவிட்டு எழுதிவிடுவார்கள். 'ஐயோ அக்கா, மாத்தி அனுப்பிட்டேன்' என்று கடையில் நின்று தலையில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளைத் தினம் பார்க்கிறேன். விரல் சப்பியது யாருக்குத் தெரியும், ஒத்திகை பார்த்தது யாருக்குத் தெரியும் என்று எண்ணினேனே, எண்ணிய மூன்று பேரில் என் மகள் இல்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தவளை நான் எண்ணவே இல்லை.

கடையைப் பாதியில் சாத்தினேன். "அக்கா, என் போனு" என்று யாரோ கத்தினார்கள். "நாளைக்கு வா" என்று கத்திவிட்டு ஓடினேன். இரண்டு தெருத்தான், ஆனால் வழியெல்லாம் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள், எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. மாடிப்படி ஏறும்போது ஒரே ஒரு நினைப்புத்தான், கதவு உள்ளே தாழ் போட்டிருக்கக் கூடாது, கதவு உள்ளே தாழ் போட்டிருக்கக் கூடாது. தாழ் போட்டிருந்தது. நான் தட்டவில்லை, தோளால் இடித்தேன். இரண்டாவது இடிக்கு அவளே திறந்தாள். உயிரோடு நின்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை அறைந்திருப்பேன், கையைத் தூக்கியும்விட்டேன், தூக்கிய கை போய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டது.

"ஏன்டி?" என்றேன்.

அவள் மறுபடி அந்தச் சந்தில் போய் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன், ஓர் ஆள் உட்காரும் இடத்தில் இரண்டு பேர். அவள் சொன்னாள்: "மத்தவங்க எழுதறதுக்கு முன்னாடி நானே எழுதிட்டா, அதுக்கு மேல அவங்களால மோசமா எழுத முடியாதில்லம்மா. எல்லாரையும் விட மோசமானது என்கிட்டதான் இருக்கும்."

"விரல் சப்பினத எல்லாம் எதுக்குடி..."

"அதுக்கு நிறைய லைக் வந்துச்சு." அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "லைக் வரும்போது, சரிதான், நான் நெனச்சது சரிதான்னு தோணும். எல்லாரும் ஒத்துக்கறாங்கன்னு. அது ஒரு மாதிரி நிம்மதியா இருக்கும்மா."

நிம்மதியாம். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. யாரைப் போய் உதைப்பது? பாட்டுச் சேர்த்தவனையா, லைக் போட்ட அறுநூறு பேரையா, வியாழக்கிழமை இரண்டு மணிக்கு மட்டும் திறக்கிற அந்த அறையையா? பிள்ளை தன் முகத்தில் தானே துப்பிக்கொண்டு, எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். பத்தொன்பது நாளும் அந்த எண்ணிக்கையை அவளுக்கு ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தது அந்தச் சனியன். நான்தான் வாங்கிக் கொடுத்தேன், நல்ல டிஸ்பிளே பார்த்து.

"நானும் சிரிச்சேன்டி" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. "முதல் நாள். கடையில ஒரு பையன் போன்ல வந்துச்சு. நீன்னு தெரியாம சிரிச்சுட்டேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "எவ்வளவு நேரம்?"

"ரெண்டு செகண்ட்."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"தோடு."

அவள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தோடு இல்லை, என்றைக்கோ கழற்றிவிட்டிருக்கிறாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சினாள், பிறகு, உறிஞ்சினோமே என்று அவசரமாக வாயை மூடிக்கொண்டாள். சொந்த வீட்டில், சொந்தத் தாய் முன்னால், மூக்கை உறிஞ்ச பயப்படுகிறாள் என் பெண்.

அப்போதுதான் அவள் மடியில் கிடந்த போனைச் சரியாகப் பார்த்தேன். பின்பக்க மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பேட்டரி உப்பியிருந்தது, தலையணைக்கு அடியிலேயே வைத்து இரவும் பகலும் சார்ஜ் போட்டால் அப்படித்தான் ஆகும். "குட்டி, அதை அழுத்தாதே. மெதுவா என் கையில கொடு. வெடிச்சுடும்" என்றேன். கடையில் பேசுகிற குரல் எனக்குத் தானாக வந்துவிட்டது. அவளும் கடைக்கு வந்த பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் நீட்டினாள். அப்போதுகூட அது அதிர்ந்துகொண்டிருந்தது, ஒன்றன் பின் ஒன்றாக, சிரிப்புப் பொம்மை, சிரிப்புப் பொம்மை. பால்கனியில், தளம் போட்டபோது மிஞ்சிய மணல் ஒரு பெயிண்ட் டப்பாவில் இருக்கிறது. உப்பிய பேட்டரியை மணலில்தான் வைக்க வேண்டும். கொண்டுபோய் வைத்து, மேலேயும் இரண்டு கை மணலைப் போட்டேன்.

திரும்பி வந்து முகத்தைக் கழுவினேன். செருப்பைத் தேடினேன்.

"எங்கம்மா போற?"

"காலேஜ் வாசலுக்கு. இன்னும் அரைமணியில விடுவாங்க. ஒட்டடைக்குச்சிகிட்ட மன்னிப்பு கேக்கணும். அவ போனைத் திறந்து பார்த்துட்டேன்டி நான். நாலு பேர் பார்க்கத் திட்டினேன், நாலு பேர் பார்க்கத்தான் கேக்கணும்."

"அதையும் எடுப்பாங்கம்மா."

"எடுக்கட்டும். கேமரா கண்ணாடி நான் மாத்திக் கொடுத்ததுதான், நல்லாவே விழும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை. "என்கிட்ட ரெண்டு தடவை வந்தா. கீழ நின்னா" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "ஜன்னல் வழியா பார்த்தேன். போகல." நான் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வரமாட்டாளோ என்று பயம். வாசலில் நின்று செருப்பு வாரை வேண்டுமென்றே மெதுவாக மாட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வந்தாள். பத்தொன்பது நாளாகத் தொடாத அவளுடைய செருப்பில் தூசி படிந்திருந்தது. குனிந்து தட்டினாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நுழைத்தாள். இன்னொரு காலைத் தூக்கியவள் அப்படியே நின்றாள், பால்கனியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். டப்பாவுக்குள் அது மறுபடி அதிர்ந்தது. மணல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, கண்ணாடியின் ஒரு மூலை வெளியே தெரிந்து, வெளிச்சம் வந்தது, அணைந்தது, மறுபடி வந்தது. அவள் விரல்கள் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தன, ஒரு கால் செருப்பில், ஒரு கால் அந்தரத்தில்.